நுணாக்குணம் ஓடை சுத்தமான விதம்

டீ வேணாம் சார், எடுத்துக்கினு போகச் சொல்லுங்க. உங்க மேல கோவம் இல்லை. பொழுது சாஞ்சிடுச்சு பாருங்க. நாங்க ஜைனருங்க, நைனாருன்னு கூப்பிடுவாங்களே, அவங்க. பொழுது சாஞ்சா எங்க வீட்டுல பச்சைத் தண்ணி கூட வாயில வைக்க மாட்டாங்க. வெளக்கைச் சுத்திப் பூச்சி பறக்குது, அது டம்ளர்ல விழும், நமக்குத் தெரியாமக் குடிச்சிடுவோம். எதுக்கு அந்தப் பாவம்? அந்த ஃபேனைக் கூடக் கொஞ்சம் கொறைச்சி வைங்களேன். ரெக்கை அடிபட்டு ஒண்ணு ரெண்டு உங்க பேப்பர் மேலயே கெடக்குது. மெல்ல ஊதி விடுங்க, உசுரு இருக்கும்.

எழுதிக்கோங்க. பேரு ஜினபாலன். ஒன்றிய ஆபீஸ்ல குடிநீர் செக்‌ஷன் கிளார்க்கு. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினது கெடையாது. சம்சாரம் பேரு ராஜமதி, புள்ளைங்க இல்லை. என்னை யாரும் இழுத்துக்கினு வரலை, நானாத்தான் வந்தேன். வெளிய பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்துக்கினு இருக்கே, அது இருதயமேரி, நுணாக்குணம் காலனி. நான் எல்லாத்தையும் சொல்றேனா இல்லையான்னு பாக்கறதுக்குக் கூட வந்திருக்குது. பாவம், நீங்க வர்ற வரைக்கும் காலையிலருந்து காத்துக்கினு இருக்குது, ஒண்ணும் சாப்பிடலை. ஏட்டையா கிட்ட சொல்லி அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கச் சொல்லுங்க.

நான் சொல்ல வந்தது அந்த நுணாக்குணம் ஓடையைப் பத்தி. போன வாரம் சப் கலெக்டர் வந்து விழா நடத்தினாரே, அதே ஓடைதான். இப்ப எறங்கி நின்னீங்கன்னா உங்க கால் வெரல் உங்களுக்குத் தெரியும். அப்படி ஆவறதுக்கு நான் என்ன பண்ணேன்னு முழுசாக் கேளுங்க. நடுவுல நிறுத்தினா என்னைத் தப்பா நெனச்சிக்குவீங்க.

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி அதைப் பாத்திருக்கணும். பிரம்மதேசம் போற பஸ்ஸுல பாதி வழியில எறங்கி, மல்லாட்டைக் கொல்லை வரப்புல நடந்தீங்கன்னா, ஓடை கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி மூக்குக்குத் தெரியும். மேக்கால ரைஸ் மில்லுங்க. நெல்லு ஊறப்போட்ட தண்ணியை அப்படியே தெறந்து விடுவாங்க. டவுன் சாக்கடையும் அதுலதான் வந்து சேரும். ஊர்க்காரங்களுக்கு மேட்டுல தனியாக் கெணறு இருக்குது, அவங்களுக்குக் கவலை இல்லை. காலனிக் கெணறு ஓடைக்கரையிலயே இருக்குது. ஓடையில போறது கொஞ்சம் கொஞ்சமா ஊறிக் கெணத்துக்குள்ள வந்துடும். நடவுக்கு எறங்குற பொம்பளைங்களுக்குக் கணுக்காலெல்லாம் புண்ணு. இருதயமேரி ஒரு தடவை ஆபீஸுக்கு வந்து, பொடவையைக் கொஞ்சம் ஒசத்திக் காலைக் காட்டுச்சு. "பாருங்க நைனாரே, இது மனுசங் காலா, வெந்த கெழங்கா?"ன்னு கேட்டுச்சு. செக்‌ஷன்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அந்தக் காலனிக்கு நான் செஞ்ச மாதிரி எந்தக் கிளார்க்கும் செஞ்சிருக்க மாட்டான். தற்பெருமையா எடுத்துக்காதீங்க. வாராவாரம் சைக்கிள் எடுத்துக்கினு போவேன். கெணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடற ஆளு ராயப்பன். அவனை நம்பி விட்டா மூட்டை வழியிலயே காணாமப் போயிடும், அதனால கூடவே நின்னு போட வைப்பேன். அவன் போடறப்ப நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். ஒரு கரண்டி பவுடர்ல எத்தனை கோடி உசுரு சாவுது தெரியுமா? கண்ணுக்குத் தெரியலைன்னா அது உசுரு இல்லைன்னு ஆயிடுமா? சம்பளம் வாங்கிக்கினு கொலை பண்ண வைக்கிறோமேன்னு மனசு அடிச்சிக்கும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரு வேளை பட்டினி கெடப்பேன். ராஜமதி ஒண்ணும் கேக்க மாட்டா, தட்டை எடுத்து வெச்சிடுவா.

பவுடர் ஸ்டாக்கு இல்லாத வாரத்துக்குன்னு எங்க வீட்டு வழக்கத்தைக் காலனிக்காரங்களுக்குக் கத்துக் குடுத்தேன். நாங்க வடிகட்டாத தண்ணி குடிக்க மாட்டோம். பருத்தித் துணியை நாலா மடிச்சிப் பானை வாயில கட்டி, அது மேல ஊத்தணும். அதோட முடியலை. துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டின தண்ணியையே கொஞ்சம் அது மேல ஊத்தி, ஒட்டிக்கினு இருக்கற உசுருங்களை ஒரு சொம்புல எறக்கணும். அந்தச் சொம்பைக் கயித்துல கட்டி, எந்தத் தண்ணியில மொண்டமோ அதே தண்ணியில, மட்டம் வரைக்கும் எறக்கி, மெல்ல சாய்ச்சி விடணும். மேலருந்து கொட்டினா அடிபட்டுச் சாவும். வேற தண்ணியில விட்டாலும் தாங்காது, அது பொறந்த எடம்தான் அதுக்கு ஒத்துக்கும்.

அவங்க வடிகட்டறதை மட்டும் புடிச்சிக்கினாங்க. திருப்பி விடறதைப் பாத்தா அவங்களுக்கு வேடிக்கை. இருதயமேரிக்கு ஒரே பொண்ணு, சகாயமேரி. பத்தாவது முடிச்சிட்டு டீச்சர் டிரெயினிங் சேரணும்னு அலைஞ்சிக்கினு இருந்துச்சு. நல்ல வாய். நான் கயித்துல சொம்பை எறக்கறப்ப, "நைனார் சார், பூச்சிங்களுக்குத் திரும்பிப் போற பஸ் சார்ஜும் நீங்களே குடுத்துடுவீங்களா?"ன்னு கேக்கும். ஆனா பாருங்க, அவங்கம்மா பொடவையைக் கிழிச்சி வீட்டுக்கு வீடு வடிகட்டத் துணி குடுத்ததே அதுதான். "பவுடர் போட்ட அன்னிக்கும் கட்டணுமா சார்?"ன்னு ஒரு நாள் கேட்டுச்சு. வேணாம்மா, நான் வந்து கெணத்தைப் பாத்துட்டுப் போனா ஒரு நாழி பொறுத்து எடுத்துத் தாராளமா குடிங்கன்னு சொன்னேன். இதை மனசுல வெச்சிக்கோங்க, அப்பால வரும்.

கோடை வந்தா சுத்துப்பட்டுல எல்லா எடத்துலயும் வாந்திபேதி வரும். நுணாக்குணம் காலனியில மட்டும் வராது. பக்கத்து ஊர்ல கட்டிக் குடுத்த பொண்ணுங்க கூடக் கோடையில கொழந்தையைத் தூக்கிக்கினு அங்க அம்மா வீட்டுக்கு வந்துடும்.

ஆனா அது ஒட்டுப் போட்ட மாதிரிதானே? ஓடை நாறிக்கினேதான் இருந்துச்சு. அதைத் தூர் வாரணும், மில்லுத் தண்ணியைத் தொட்டி கட்டித் தெளிய வைக்கணும், சாக்கடையைத் திருப்பி விடணும். ஒன்றியத்துல அதுக்குக் காசு ஏது? இருதயமேரி மனு குடுக்கும், சகாயமேரிதான் எழுதும். நான் ஃபைல் போட்டுக் கடலூருக்கு மேலாபீஸுக்கு அனுப்புவேன். திரும்பி வந்துடும். மறுபடி அனுப்புவேன். "எம் பொண்ணு இந்தத் தண்ணியில கால் வைக்கக் கூடாது நைனாரே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"னு சொல்லிட்டுப் போவும் அந்தம்மா. அதுக்காகக் கூலியை விட்டுட்டு வரும்.

எண்பத்தாறுல ஓடைங்களைச் சீர்பண்ணறதுக்குன்னே ஒரு திட்டம் வந்துச்சு, நல்ல நிதியோட. அந்த சர்க்குலரைப் பாத்த அன்னிக்கு நானே சைக்கிள்ல போய் அந்தம்மா கிட்ட சொன்னேன். அது மாதா கெபியில மெழுகுவத்தி ஏத்திச்சு. அப்புறம்தான் உள்ள இருந்த விதியைப் படிச்சேன். கெட்ட தண்ணியால நோய் வந்து, சாவு பதிவான எடத்துக்குத்தான் முன்னுரிமை. நியாயமான விதிதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். காசு கொஞ்சம், ஊரு நெறைய. யாரு ஜாஸ்தி கஷ்டப்படறாங்களோ அவங்களுக்குத்தானே மொதல்ல குடுப்பாங்க? எங்க ஃபைல் திரும்பி வந்துச்சு. நோய் ஏதும் பதிவாகவில்லை, பரிசீலிக்க இயலாது.

புரியுதுங்களா? நான் ஒழுங்கா வேலை செஞ்சேன், அதனால ஒருத்தரும் சாவலை. ஒருத்தரும் சாவாததால அந்த ஊருக்குக் காசு இல்லை. பக்கத்து ஒன்றியத்துல ஒருத்தன் பவுடர் மூட்டையைப் பிரிக்கவே மாட்டான், அவன் ஊருக்கு மொத லிஸ்ட்டுலயே வந்துடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்கலை.

நேரா மேலாபீஸுக்கே போனேன். அங்க அரங்கநாதன்னு ஒரு சூப்பிரண்டு. நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர். என்னை கேன்டீனுக்குக் கூட்டிக்கினு போய், "ஏன்யா ஜினபாலன், இதுக்கு எத்தனை தடவை அலைவீங்க? போன கோடையில அந்தக் காலனியில ரெண்டு கெழவனாவது செத்திருப்பான் இல்ல? நெஞ்சுவலியில போனவனை வாந்திபேதியில போனான்னு எழுதிக்கினு வாங்க. நான் பாஸ் பண்ணி விடறேன். யாருக்கு நஷ்டம்?"னு கேட்டாரு.

யாருக்கும் நஷ்டம் இல்லைதான். ஆனா பொய்யி அது. சத்தியம் தவற மாட்டேன்னு நான் சின்ன வயசுல விரதம் எடுத்துக்கினவன். வீட்டுக்குக் கடன்காரன் வந்தாக் கூட இல்லைன்னு சொல்லச் சொல்ல மாட்டேன். அரங்கநாதன் கிட்டயே சொன்னேன், சார், நான் பொய் எழுதறவன் இல்லைன்னு. "அப்ப நெஜமாச் சாவட்டும்னு காத்துக்கினு இருங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. கோவத்துல சொன்னாரு, அவருக்கு இதுல சம்பந்தம் இல்லை, அதைத் தனியா எழுதிக்கோங்க. நான் பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சிக்கினே வந்தேன். பொய்யா எழுதறதுதானே தப்பு? நான் எழுதறது நெஜமா இருந்துட்டா?

ஏன் சார் பேனாவைக் கீழ வெச்சிட்டீங்க? எழுதுங்க.

மொதல்ல நான் ஒண்ணும் பண்ணலை. பண்ணிக்கினு இருந்ததை நிறுத்தினேன், அவ்ளோதான். நுணாக்குணத்துக்கு நீ வர வேணாம், நான் பாத்துக்கறேன்னு ராயப்பன் கிட்ட சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. எத்தனையோ வருஷம் கழிச்சி அந்த வாரம்தான் ஒரு வேளை கூடப் பட்டினி கெடக்காமச் சாப்பிட்டேன். "என்னங்க, மூஞ்சி தெளிவா இருக்குதே"ன்னு ராஜமதி கூடக் கேட்டா.

ஆனா ஒண்ணும் ஆவலை. மழை வந்து போச்சு, பனி வந்து போச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. எல்லா வீட்டுலயும் துணி கட்டித்தானே குடிச்சாங்க. சகாயமேரி ஒரு வீடு விடாமப் போய்ப் பாக்கும், துணி கட்டாத பானையைப் பாத்தா சண்டை போடும். எனக்குப் பேஜாராப் போச்சு. அந்தத் திட்டத்துக்கு அடுத்த வருஷத்தோட கெடு. அப்புறம் எந்தக் காலத்துல எவன் அந்த ஓடையைத் திரும்பிப் பாக்கப் போறான்?

எண்பத்தேழு சித்திரையில விக்கிரவாண்டிக்கு அந்தாண்ட ஒரு குடியிருப்புல காலரா வந்துச்சு. ஊர் பேரு எதுக்கு, அவங்க பட்டது போதும். ஆபீஸ்ல எங்களையெல்லாம் டூட்டி போட்டு அங்க அனுப்பினாங்க. ஒரு குட்டை, குடிக்கறதும் அதுலதான், துணி அலசறதும் அதுலதான். என் வடிகட்டுற துணியும் சொம்பும் எப்பவும் என் மஞ்சப் பையில இருக்கும். குட்டையில ஒரு கொடம் மொண்டு துணியில ஊத்தினேன். திருப்பிப் போட்டு, ஒட்டிக்கினு இருந்ததைச் சொம்புல எறக்கினேன். வழக்கப்படி அதைக் குட்டையிலயே விட்டிருக்கணும். நான் விடலை. என் கிட்ட இருந்த எவர்சில்வர் வாளியில ஊத்தி மூடி போட்டேன்.

அதை மடியில வெச்சிக்கினுதான் பஸ்ஸுல வந்தேன். நல்ல வெயிலு. சூடு ஏறினா உள்ள இருக்கறதுங்க செத்துடுமேன்னு ஈரத் துண்டைச் சுத்தி வெச்சிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "என்னங்க, மோரா?"ன்னு கேட்டாங்க. இல்லைம்மா, தண்ணிதான்னு சொன்னேன். பொய் இல்லையே.

அதுங்க பொறந்த தண்ணியை விட்டு நான் பிரிச்சிக் கொண்டாந்தது தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும். ஆயுசுல அன்னிக்கு ஒரு தடவைதான் அப்படிச் செஞ்சேன். அந்தப் பாவத்துக்கு அப்புறமா உபவாசம் இருந்து தீத்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கறப்பவே, நுணாக்குணத்துக்குப் போயிட்டேன். கெணத்தண்ட யாரும் இல்லைன்னு நெனச்சேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, வாளியில இருந்ததைச் சொம்புல ஊத்தி, கயித்துல கட்டி எறக்கினேன். கோடைத் தண்ணி, ரொம்பக் கீழ கெடந்துச்சு. கயிறு பத்தலை, குனிஞ்சி கையை நல்லா உள்ள விட்டுத்தான் சாய்ச்சேன். ஒண்ணு கூட அடிபட்டிருக்காது.

நிமிந்தா, புங்க மரத்தடியில இருதயமேரி. களையெடுத்துட்டு வந்து உக்காந்திருக்குது. "இன்னா நைனாரே, பூச்சிங்கள ஊர் சேத்துட்டீங்களா?"ன்னு சிரிச்சிச்சு. ஆமாம்மான்னு சொன்னேன். "அப்ப தண்ணி எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டுச்சு.

இந்த எடத்தை நல்லா எழுதிக்கோங்க, ஏன்னா எல்லாரும் இதைத்தான் கேப்பீங்க. நான் பவுடர் போட்டேன்னு சொல்லலை. அது கேக்கவும் இல்லை. "கொஞ்ச நாழி பொறுத்து எடுத்துக்கோம்மா"ன்னு சொன்னேன். அப்படித்தான் எப்பவும் சொல்வேன். அது சரின்னு தலையாட்டிச்சு. நான் சைக்கிளை எடுத்துக்கினு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணுமேன்னு ஜல்தியா மிதிச்சி வீட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டு மூணு பேருன்னுதான் நான் நெனச்சிருந்தேன். அடுத்த மழையைப் பாக்காத கெழடு கட்டைங்க. பதினோரு பேர் ஆயிடுச்சு. சவுரிராயன்னு ஒரு கட்டட வேலைக்காரன், நல்ல தெடமான ஆளு, மொத நாளே போயிட்டான். அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஒரு பொண்ணோட கைக்கொழந்தை. அப்புறம் வரிசையா. நான் ஓடலை, ஒளியலை. அந்த வாரம் பூரா அங்கதான் கெடந்தேன். குளுக்கோஸ் பாட்டில் போதாதுன்னு விழுப்புரம் வரைக்கும் ஜீப்புல போய் வாங்கிக்கினு வந்தேன். மாட்டு வண்டியில ஆளுங்களைத் தூக்கிப் போட்டேன், வேட்டியெல்லாம் அசிங்கமாச்சு. டாக்டரே, "உங்களை மாதிரி ஒரு கிளார்க்கை நான் பாத்ததில்லை"ன்னு சொன்னாரு.

சகாயமேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில நானும் இருந்தேன். அந்தப் பொண்ணு அன்னிக்கு ஊர்ல இருக்காதுன்னு நெனச்சேன், டிரெயினிங் விஷயமா டவுனுக்குப் போறேன்னு சொல்லிச்சு. கடைசி பஸ்ஸுக்குத் திரும்பி வந்து, தாகமா இருக்குன்னு ரெண்டு சொம்பு குடிச்சிருக்குது. வண்டியில என் கையைப் புடிச்சிக்கினு, "துணி கட்டித்தான் சார் வெச்சிருந்தேன், எப்படி சார் வந்துச்சு?"ன்னு கேட்டுக்கினே வந்துச்சு. நான் நெத்தியைத் தடவி விட்டேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னாலயே அடங்கிடுச்சு.

ரிப்போர்ட்டு எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டலை, கொறைக்கலை. பேரு, வயசு, என்னைக்கு எந்த நோவுல செத்தாங்க, எல்லாம் சத்தியம். மேலாபீஸ்ல ஆளு வந்து வெரிஃபை பண்ணாங்க, ஒரு தப்பு கண்டுபுடிக்க முடியலை. அதுக்கப்புறம் ராயப்பனைக் கூப்பிட்டுக் கெணத்துல டபுளா பவுடர் போட வெச்சேன். நான் அவ்ளோ தூரம் மடியில வெச்சிக் கொண்டாந்ததுங்க எல்லாம் அன்னிக்கே செத்திருக்கும். மரத்துக்குப் பின்னால போய் நின்னு அழுதேன். அந்த வாரத்துல நான் அழுதது அப்பதான்.

நிதி வந்துடுச்சு. தென்னாற்காட்டுல மொத லிஸ்ட்டுல எங்க ஓடை. தூர் வாரினாங்க, மில்லுங்களுக்குத் தொட்டி கட்ட வெச்சாங்க, சாக்கடையைத் திருப்பினாங்க, காலனிக்குப் புதுசாக் கெணறே வெட்டினாங்க. இப்ப அந்த ஓடையில கெண்டை திரும்பி வந்திருக்குது. மூணு நாலு ஊர் வயலுக்குப் பாயுது. நடவு நடற பொம்பளைங்க காலைப் பாருங்க, ஒரு புண்ணு இருக்காது. நான் ரிட்டையர் ஆயி, செத்து, எத்தனையோ காலத்துக்கு அந்தத் தண்ணி அப்படியே ஓடும். இதையும் ஒரு ஓரமா எழுதிக்கோங்க.

போன வாரம் விழா. சப் கலெக்டர் பேசினாரு, அப்புறம் மைக்குல என் பேரைச் சொல்லி, இந்த ஓடைக்காக ஓயாம எழுதினவர் இவருதான், மொதத் தண்ணியை இவரே குடிக்கட்டும்னு கூப்பிட்டாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு. படியில எறங்கி ஓடையில ஒரு கொடம் மொண்டேன். துணியில வடிகட்டினேன். துணியைத் திருப்பிச் சொம்புல எறக்கி, அதை ஓடையிலயே சாய்ச்சி விட்டேன். அப்பால குடிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. இருதயமேரி கை தட்டலை, என் கையையே பாத்துக்கினு நின்னுச்சு. பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு போலன்னு நான் நெனச்சிக்கினேன்.

இன்னிக்குக் காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. உள்ள வாம்மான்னா வரலை.

"நைனாரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் வேற யாராண்டயும் போவாம உங்களாண்டயே கேக்க வந்தேன். அன்னிக்கு ஓடையில மொத மொண்டீங்க. அப்பால வடிகட்டினீங்க. அப்பாலதான் சொம்ப எறக்கி வுட்டீங்க. இல்ல?"

"ஆமாம்மா. அதான் முறை."

"அந்தச் சித்திரையில நீங்க சைக்கிள்ல வந்து எறங்குனதுலருந்து நான் பாத்துக்கினே இருந்தேன். கெணத்துல நீங்க மொள்ளவே இல்ல. வாளியிலருந்து சொம்புல ஊத்தினீங்க, எறக்கினீங்க. நானும் இத்தினி நாளா அத நெனக்கவே இல்ல. அது எந்த ஊர்த் தண்ணி?"

கேட்டா சொல்லித்தானே ஆவணும். விக்கிரவாண்டிக்கு அந்தாண்ட அந்தக் குடியிருப்புப் பேரைச் சொன்னேன்.

"அங்க அப்ப காலரா இல்ல?"

"ஆமாம்மா. அதனாலதான் அங்கருந்து எடுத்தேன்."

அந்தம்மா செவுத்தைப் புடிச்சிக்கினு அப்படியே கீழ உக்காந்துச்சு. "எம் பொண்ணு பானைக்குத் துணி கட்டித்தான் வெச்சிட்டுப் போச்சு. நீங்க வந்துட்டுப் போயிட்டீங்களேன்னு நாந்தான் அவுத்தேன்"னு சொல்லிச்சு. "எங்கையால அவுத்து, எங்கையால மொண்டு குடுத்தேன்"னு சொல்லிச்சு. நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். அது உன் தப்பு இல்லைம்மா, உனக்கு எப்படித் தெரியும், நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காதன்னேன். திட்டத்தோட விதியை விளக்கினேன். நீ இத்தனை வருஷம் கேட்ட ஓடை இப்ப எப்படி இருக்குது பாருன்னேன். அது என்னை நிமிந்து பாத்து, "ஓடைய யாருக்காகக் கேட்டேன் நைனாரே?"ன்னுச்சு. அப்புறம், "வாங்க, போலீஸ் ஸ்டேசனுக்குப் போலாம். நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா எவன் நம்புவான்"னு எழுந்துக்கிச்சு. நானும் சட்டையை மாட்டிக்கினேன்.

ராஜமதி உள்ளருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்திருக்கா. கெளம்பறதுக்கு முந்தி தண்ணி குடிக்கலாம்னு பானையண்ட போனேன். குறுக்க வந்து நின்னுக்கினா. "என் பானையைத் தொடாதீங்க"ன்னா. கல்யாணம் ஆன நாள்லருந்து என்னை எதுத்துப் பேசினவ இல்லை. பதட்டத்துல இருக்கா, சரியாயிடும். நான் ஒரு எறும்பை மிதிச்சி அவ பாத்திருக்க மாட்டா. அது அவளுக்கு நெனப்பு வரும்.

இவ்ளோதான். நான் செஞ்சேன், தெரிஞ்சிதான் செஞ்சேன், யாரும் தூண்டி விடலை. கெணத்துல விட்டது நான். பொறுத்து எடுத்துக்கோன்னு சொன்னது நான். பதினோரு பேர் பேரையும் சொல்றேன், ரிப்போர்ட்டுல இருக்கற வரிசையிலயே எழுதிக்கோங்க. கடைசிப் பேரு சகாயமேரி. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க.

என்னவாம் ஏட்டையாவுக்கு? அந்தம்மா தண்ணி வேணாம்னுடுச்சா? எந்தக் கெணத்துத் தண்ணின்னு கேக்குதா? சொல்லுங்க, பாவம், நல்ல தண்ணிதான்னு சொல்லுங்க.

எனக்கு விடிஞ்சி வெளிச்சம் வந்தப்புறம் ஒரு சொம்பு போதும். துணி அந்த மஞ்சப் பையில இருக்குது, நானே வடிகட்டிக்குவேன். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க சார். என்னை ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு முந்தி, வடிகட்டினதை இந்த ஸ்டேஷன் கெணத்துலயே விடறதுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. இன்னொரு தடவை ஊர் மாறிப் போறதுக்கு அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு.